பைக்கிடம் கேட்ட கேள்வி

காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். பேச்சில் தோட்டப்புற வாடை இருந்தது, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கலாம். எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி முடியப்போகிறதாம். புதுப்பிக்கும்போது ஒரு ட்ராக்கரும் பூட்டிக்கொண்டால் கட்டணத்தில் கழிவு கிடைக்குமாம். களவு போனாலும் இழுபறி இல்லாமல் பணம் தருவார்களாம். "பாதுகாப்புக்கும் நல்லதுங்க டீச்சர்," என்றாள்.

பாதுகாப்பு என்ற சொல்லை யாராவது அவ்வளவு இனிப்பாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைத் திட்டி என்ன பயன்? போர் முடிந்தபோது பால்போத்தலும் கையுமாக இருந்திருப்பாள். அதெல்லாம் வேலை செய்யாது பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்துவிட வாய் வரை வந்தது. ஆனால் அது பச்சைப் பொய். எங்கள் பழைய ட்ராக்கர்ப் பெட்டி ஒரு நாளும் பிழை விடவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னது. எங்களைக் கெடுத்ததும் அந்தச் சரிதான். "கொஞ்சம் இரும்மா, யோசிச்சுச் சொல்றேன்," என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தார். நான் கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்போது அவர் கண்டியில் தண்ணீர்க் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர், நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அவருடைய வேலை ஊர் ஊராய் அலைகிற வேலை. மலையுச்சியில் தண்ணீர்த் தாங்கி, ஆற்றோரத்தில் பம்ப் வீடு, ஆஸ்பத்திரிக்குப் போகும் குழாய், பொலிஸ் குடியிருப்புக்குப் போகும் குழாய், எங்கே கசிந்தாலும் இவர்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஜீப் பெரியவர்களுக்கு, இவருக்கு மோட்டார் சைக்கிள். அவர் வண்டி எங்கெங்கே நிற்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எங்கள் முதல் பைக் ஆஸ்பத்திரி வாசலில் களவு போனது. எனக்குக் காய்ச்சல் கூடி வார்டில் போட்டிருந்தார்கள். சோற்றுப் பார்சலோடு மேலே வந்தவர் எனக்கு ஊட்டிவிட்டுக் கீழே போனார், பைக்கைக் காணவில்லை. களவு போனதை விடப் பெரிய கூத்து அதற்குப் பிறகு நடந்தது. காப்புறுதிக் கம்பனிக்காரர் எங்களையே கள்ளர் மாதிரி விசாரித்தார்கள். பூட்டினீர்களா, பூட்டியதை யார் கண்டது, இரண்டு சாவியும் இருக்கிறதா, ஏன் அந்த இடத்தில் நிறுத்தினீர்கள். பொஞ்சாதி சாகக் கிடக்கிறபோது நல்ல இடம் பார்த்து நிறுத்துவதற்கு யாருக்குப் புத்தி வரும்? கடைசியில் ஒருவாறு பணம் வந்தது. அதைக் கொண்டுவந்த முகவர்தான் சொன்னார், அடுத்த வண்டிக்கு ட்ராக்கர் பூட்டுங்கள், பிறகு இந்தக் கேள்வி ஒன்றும் வராது என்று.

இவருக்கு அது பிடித்துப்போயிற்று. நான் வழக்கம்போலச் சீண்டினேன். "வேலிக்கு மேல வேலி போடுற ஊர்க்காரரு. பூட்டு மேல பூட்டு போட்டாத்தானே ஒங்களுக்குத் தூக்கம் வரும்."

"நீர் சிரியும்," என்றார். "நாளைக்கு ஒருத்தன் கொண்டுபோனாலும் எங்க நிக்குது எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சா காணும்."

கண்டி டவுனில் ஒரு சந்துக்குள் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியிடம் போனோம். திகன ஊர்க்காரர், நல்லாய்க் கதைக்கிற மனிதர். எங்களை இருத்தி இஞ்சிபோட்ட தேத்தண்ணி எடுப்பித்தார். பெட்டி சவர்க்காரக் கட்டி அளவுதான் இருந்தது. கறுப்பு நிறம், இரண்டு வயர், மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு.

"இத சீட்டுக்கு அடியில வெச்சா ஒத்தருக்கும் விளங்காது சேர். உள்ளுக்கு ஒரு சிம் ஈக்கிது. அந்த நம்பருக்கு மெசேஜ் ஒண்டு போட்டீங்கண்டா, எங்க நிக்கிதுண்டு அதுவே பதில் அனுப்பும். ஆராச்சும் பைக்க அசைச்சா ஒங்களுக்கு கோல் வரும். ரெண்டு நம்பர் போடேலும், மொதலாவது எடுக்காட்டி ரெண்டாவதுக்குப் போகும். ரெண்டாவது ஆருட நம்பர் போடுற?"

"இவவின்ரயைப் போடுங்கோ," என்றார் இவர். "நான் தாங்கிக்குள்ள இறங்கினா போன் கையில இராது."

பில் அவரும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் இப்படிப்பட்ட சாமானுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? கம்பனி முகவரே பூட்டச் சொன்னார். கண்ணாடி அலுமாரியில் வைத்து வெளிச்சம் போட்டு விற்றார்கள். வாங்கினோம்.

அந்தக் காலத்தில் கண்டியில் இருந்த தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் ஒரே வியாதிதான் இருந்தது. ஆள் இப்போது எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடிக்கும், மறுநாள் இங்கே சந்திக்குச் சந்தி செக்பொயின்ட் முளைக்கும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் போதும், ஓரமாக நில் என்பார்கள். சிலர் நின்றுவிட்டு வந்தார்கள். சிலர் வரவில்லை. எனக்கு இந்த வியாதி இன்னும் பழையது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கலவரம் வந்தது. அப்பா டவுனில் ஒரு கடையில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போயிருந்தார். கண்டிப் பக்கம் புகை எழும்பியதைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பார்த்தோம். அம்மா ரோட்டில் போய் நின்றுகொண்டு, ஓடிவருகிற ஒவ்வொருவரையும் மறித்து "அவர எங்கயாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அப்பா ஒரு சிங்களப் பாண்காரரின் மாவறைக்குள் ஒளிந்திருந்து, பிறகு தலையெல்லாம் வெள்ளையாக வந்து சேர்ந்தார். ஆள் வந்துவிட்டார். ஆனாலும் அம்மா கேட்ட அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை.

இவரோ போனை எடுக்காத மனிதர். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்க மாட்டார், நின்றபிறகு திருப்பி எடுக்கவும் மறந்துவிடுவார். எடுத்தாலும் "நிக்கிறன், வாறன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் எரிச்சல்படுவார். பெட்டிக்கு எரிச்சல் கிடையாது. பள்ளிக்கூட இடைவேளையில் ஒரு மெசேஜ் போட்டால் பதில் வந்துவிடும். மத்தியானம் ஒன்று, வீட்டுக்கு வந்து ஒன்று, மழை இருட்டினால் ஒன்று. அதற்காகவே சிம்முக்கு றீலோட் போட்டேன்.

பதில் இலக்கங்களாக வரும். கம்பியூட்டரில் போட்டால் படம் காட்டுமாம், எங்களிடம் கம்பியூட்டர் இல்லை. இலக்கத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ஊர் பாடமாகிவிட்டது. ஏழு தசம் இரண்டு ஒன்று என்று தொடங்கினால் கெலிஓயாப் பக்கம். ஏழு தசம் நான்கு என்றால் மேலே அலவத்துகொட. பின்னிலக்கம் எண்பது தசம் ஏழு என்றால் திகன. எங்கள் வீட்டு இலக்கம் வந்தால் படியில் செருப்புச் சத்தம் கேட்கும் முன்பே தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். அது ஒரு சந்தோஷம். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. ஊரெல்லாம் ஆளைக் காணவில்லை என்று அலைகிற காலத்தில் என் ஆள் எங்கே நிற்கிறார் என்பது என் கைக்குள் இருந்தது. அந்த மெசேஜ்களில் ஒன்றையும் நான் அழிக்கவில்லை.

ஒரே ஒரு இடம்தான் எனக்குப் புரியவில்லை. ஏழு தசம் இரண்டு ஏழு, எண்பது தசம் ஆறு. வீட்டுக்கு வருகிற வழியில், கெட்டம்பேயில் ஆற்றோரமாக, அடிக்கடி நெடுநேரம் நின்றார். அங்கே தாங்கியும் இல்லை, குழாயும் இல்லை.

"கெட்டம்பேயில தெனம் என்னங்க வேலை? யாரு அது?" என்று சிரித்துக்கொண்டு கேட்டேன்.

"ஒருத்தருமில்லை. தேத்தண்ணி குடிச்சனான்," என்றார். அந்த இடத்தில் தேத்தண்ணிக் கடையும் இல்லை என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போர் முடிவதற்கு முந்திய வருடம், மழைக்காலம் தொடங்குகிற நேரம். அன்றைக்கு இவர் மலைமேல் இருந்த ஒரு தாங்கிக்குப் போனார். அதற்கு எப்போதும் ஆமிக் காவல் உண்டு, அங்கிருந்த பொடியன்களுக்கு இவரைத் தெரியும். அன்று பார்த்து ஆட்களை மாற்றியிருந்தார்கள். புதியவர்கள் வந்து இறங்கும்போது இவர் தாங்கிக்குள் இருந்தார். மரத்தடியில் யாருடையதோ ஒரு பைக். முதல்நாள் எங்கோ குண்டு வெடித்திருந்தது. அவர்கள் பைக்கைத் தள்ளி அப்பால் வைத்தார்கள். பெட்டி தன் கடமையைச் செய்தது. இவருடைய போனுக்கு கோல் போனது. போன் அன்றைக்கென்று சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

பைக்கைக் களவெடுக்கிறார்கள் என்று நினைத்து இவர் ஈரக்கையோடு மேலே ஓடிவந்தார். "அது என் பைக்," என்று சிங்களத்தில் கத்தினார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "நாங்கள் தொட்டது கீழே இருந்த உனக்கு எப்படித் தெரிந்தது?"

வேறு யாராவது என்றால் சத்தம் கேட்டது என்று சொல்லித் தப்பியிருப்பான். இவர் அரசாங்க உத்தியோகத்தர், நேர்மையாளர், களவு போன பைக்குக்காக ஒருமுறை கள்ளனாக நின்றவர். இந்தத் தடவை தன்னிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பெருமை அவருக்கு. தானே சீட்டைத் திறந்து பெட்டியை எடுத்துக் காட்டினார். இதுதான் சொன்னது, காப்புறுதிக்காகப் பூட்டினேன் என்றார். கறுப்புப் பெட்டி, இரண்டு வயர், உள்ளே சிம். ஒருவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது. நான் மெசேஜ் போட்டேன்.

ஆமிக்காரன் கையில் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் அதைத் தூர எறிந்துவிட்டு விழுந்து படுத்தான். எல்லோரும் படுத்தார்கள். இவரையும் நிலத்தில் அமுக்கி, பிடரியில் துவக்கு வைத்தார்கள். எனக்குப் பதில் வந்தது. தாங்கியில்தான் நிற்கிறார் என்று நிம்மதியாக ஒரு பிளேன்டீ குடித்தேன். போகிற போக்கில் இன்னொன்று போட்டுப் பார்த்தேன். அங்கே விளக்கு மறுபடியும் எரிந்திருக்கிறது. யாரோ எங்கிருந்தோ இதை இயக்குகிறான் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இயக்கியது நான்தான், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டு.

பள்ளி விட்டபிறகு போட்ட மெசேஜுக்கு வேறு இலக்கம் வந்தது. டவுனுக்குள் ஒரு பொலிஸ் நிலையம் இருக்கும் பக்கம். அதற்குப் பிறகு பதில் வரவில்லை. நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பொலிசுக்குப் போனேன். ஒளிக்க என்ன இருக்கிறது? கையில் அத்தாட்சியே இருக்கிறதே. மெசேஜ் போட்டது நான், குண்டுக்காரன் இல்லை, பாருங்கள் என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று ஓடினேன்.

பொறுப்பதிகாரி தூக்கமில்லாத கண்ணோடு இருந்தார். மோசமான மனிதர் போலத் தெரியவில்லை. என் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஒரு பொடியனைக் கூப்பிட்டு இலக்கங்களைக் கம்பியூட்டரில் போடச் சொன்னார். படம் ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீர்த் தாங்கி, பம்ப் வீடு, ஆஸ்பத்திரி, புகையிரத நிலையம், பொலிஸ் குடியிருப்பு, மறுபடியும் தாங்கி, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம், மறுபடியும் அதே இடம். மாதக்கணக்காக நான் சேர்த்து வைத்தது. ஒரு ஊரை அழிக்க நினைக்கிறவன் குறித்து வைக்கிற இடமெல்லாம் என் போனில் இருந்தது.

"நோனா, இவ்வளவு தடவை ஏன் கேட்டீர்கள்?" என்றார்.

"என் கணவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள."

"எல்லா மனைவியும் இப்படியா? என் மனைவி சோறு ஆறினால்தான் போன் எடுப்பாள்." பக்கத்தில் நின்றவர்களும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

"உங்களை ஒருவரும் வழியில் மறித்து இறக்குவதில்லை சேர், அதனால்தான்," என்றேன். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்திருந்தால் நல்லது என்று பிறகு பலர் புத்தி சொன்னார்கள். அவர் சிரிப்பை நிறுத்தினார். என் போனை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

அதற்குப் பிறகு அலைந்தேன். கடை முதலாளியிடம் போனேன். கண்ணாடி அலுமாரியில் பெட்டிகள் இருந்த தட்டு காலியாக இருந்தது, அதில் டோர்ச் லைட் அடுக்கியிருந்தார். ஒரு தரம் வந்து இது இன்ன சாமான், நான்தான் விற்றேன் என்று சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அப்பிடி ஒரு சாமான் நம்மட கடையில இல்ல தங்கச்சி," என்றார். தேத்தண்ணி இல்லை. அவரும் பயந்த சனம்தான், அவர் மேல் பிழை சொல்லாதே என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சொல்ல முடியும். சொன்னேன். நடுக்கடையில் நின்று என் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

முகவர் அதற்கும் மேல். அவர் எங்கள் சாதி சனம், என் பேச்சே பேசுகிறவர். "நான் ஒரு யோசனதான் சொன்னேன் டீச்சர். பூட்டுறதும் பூட்டாததும் கஸ்டமரு இஷ்டம். கம்பனி பேர இதுக்குள்ள இழுக்காதீங்க," என்றார். ட்ராக்கர் பூட்டினால் ஒரு கேள்வியும் வராது என்று சொன்ன அதே வாய். கேள்விகள் வந்தன, அவர் காணாமல் போனார்.

கடைசியில் இவருடைய கந்தோர்ப் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். சிங்களவர், எஞ்சினியர். முதல் நாள் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். மறுநாளும் போய் நின்றேன். கத்தவில்லை, அழவில்லை, ஜீப் வெளிக்கிடும் வழியில் நின்றேன். அப்படிக் கொஞ்ச நாள் நின்றபிறகு அந்த மனிதர் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பொலிசுக்கு வந்தார். பொறுப்பதிகாரிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து படங்களைப் பார்த்தார். இது நான் அனுப்பிய இடம், இது வால்வு உடைந்த இடம், இங்கே போகாவிட்டால் உங்கள் குடியிருப்பில் தண்ணீர் வந்திராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லா இடத்துக்கும் சொன்னார். கெட்டம்பேக்கு மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

"இங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லையே," என்றார்.

"அதைத்தான் நாங்களும் அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்," என்றார் பொறுப்பதிகாரி. "பாலம் பக்கத்தில் இருக்கிறது. இத்தனை தடவை நின்றிருக்கிறான். சும்மா இருந்தேன் என்கிறான். சும்மா இருக்க யாராவது அங்கே போவானா?"

அந்த ஒரு இடத்துக்காக மேலும் வைத்திருந்தார்கள். மழை பிடித்து, ஆறு கலங்கி, எங்கள் மாடிச் சுவரில் பாசி பிடித்த பிறகு விட்டார்கள். குற்றம் ஒன்றும் எழுதவில்லை. போகலாம் என்றார்களாம், அவ்வளவுதான். படியேறி வந்தவருக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சட்டையை நான்தான் கழற்றினேன். முதுகைப் பார்த்தேன். அதை எழுத எனக்கு மனமில்லை.

சோறு போட்டுக் கொடுத்து, இடது கையால் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன கேட்டாங்க?" என்றேன்.

அவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வேற என்ன. உம்மட கேள்வியைத்தான் கேட்டவங்கள். எங்க நிண்டனி, எங்க போனனி, ஏன் அங்க நிண்டனி. அதையேதான், திரும்பத் திரும்ப."

சாப்பிட்டு முடிந்ததும் அவராகவே சொன்னார். "கெட்டம்பேயில நான் ஒண்டும் செய்யேல்லை. ஆத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறனான். காலமை தொடக்கம் ஒவ்வொருத்தனும் மறிச்சுக் கேப்பான், ஐ.சி. கார்டைக் காட்டு, எங்கயிருந்து வாறாய், எங்க போறாய் எண்டு. வீட்டை வந்தா நீர் கேப்பீர். அங்க இருந்தா ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். புருஷன் எங்கே என்று கேட்பது என்ன குற்றமா என்று கத்தியிருப்பேன். இன்றைக்கும் அது குற்றம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னார். நான் எழும்பிப்போய் அடுப்படியில் நின்றேன். அந்தப் பாவிகள் என்னிடமிருந்து பைக்கை எடுத்தார்கள், போனை எடுத்தார்கள். அதெல்லாம் நாசமாய்ப் போகட்டும். என் அம்மா ரோட்டில் நின்று கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டுபோய் அடிக்கிற கையில் வைத்துக்கொண்டார்கள். இனி அதை நான் எந்த வாயால் கேட்பது?

பைக் திரும்பி வரவில்லை. விசாரணைக்கு வேண்டும் என்று பொலிஸ் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் போட்டிருந்தார்கள். காப்புறுதிக் கம்பனிக்கு எழுதினோம். களவு போன வண்டிக்குத்தான் பணம், உங்கள் வண்டி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும் என்று பதில் வந்தது. உண்மைதானே. சீட்டெல்லாம் கிழிந்து, பெற்றோல் டாங்கியில் துரு ஏறி, சக்கரத்துக்குள் புல் முளைத்து அது நிற்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸிலிருந்து நான் தினமும் பார்த்தேன். போர் முடிந்து ஊரெல்லாம் பட்டாசு கொளுத்தி பாற்சோறு கொடுத்த நாளிலும் அது அங்கேதான் நின்றது.

அந்தக் கடை முதலாளி பிறகு திகனயிலேயே கடையைப் பெரிதாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே முஸ்லிம் கடைகளை எரித்த வருடம் அதுவும் எரிந்தது. ஒரு செத்தவீட்டுக்குப் போய் வருகிற வழியில் பார்த்தேன். கறுத்த சுவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார், நல்லாய் வயது போயிருந்தது. என்னை அடையாளம் கண்டு எழும்பினார். இன்சூரன்ஸ் இருந்ததா என்று கேட்டேன்.

"ஈந்திச்சி தங்கச்சி. தீப்பிடிச்சா தருவாங்க. கலவரத்துல தீ வெச்சா தரமாட்டாங்களாம், அதுக்கு வேறயாக் கட்டியிருக்கணுமாம்," என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சேர் எப்பிடி, சொகமா ஈக்கிறாரா?" என்று கேட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு. சுகம்தான் என்றேன். பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.

இவர் ஓய்வுபெற்று, இப்போது ஒரு பழைய பைக் வைத்திருக்கிறார். அதைப் பூட்டுவதில்லை. சாவி சில நாள் அதிலேயே தொங்கும். போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார். "போட்டு வாறன்," என்பார், நான் "சரிங்க" என்பேன். மழை இருட்டினாலும் சரி, கூட்டம் கூடிச் சாமான் கடைகளை உடைக்கிறார்கள் என்று செய்தி வந்தாலும் சரி, வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். திரும்பி வந்ததும் சோறு போடவா என்று கேட்பேன். அது மட்டும்தான் கேட்பேன்.

"டீச்சர், லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். பாவம், இவ்வளவு நேரமும் பொறுமையாக இருந்திருக்கிறாள்.

"இருக்கேன்மா. ட்ராக்கர் வேணாம். காப்புறுதிய மட்டும் புதுப்பிச்சிருங்க."

"சரிங்க டீச்சர். வண்டி சார் பேர்ல இருக்கிறதால அவர்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும். சார் வீட்டுல இருக்காங்களா?"

"இல்ல."

"எங்க போயிருக்காங்க?"

சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தேன். வெயில் சாய்கிற நேரம். ஏழு தசம் இரண்டு ஏழு, எண்பது தசம் ஆறு. ஆற்றுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, எழும்பாத கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"தெரியாதும்மா," என்றேன்.